நானூற்றுப் பதினேழாம் எண்

அத்தியாயம் 14

போன வாரம் யசோதராவை ஈரக் கண்களோடு லேப்டாப் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டோம். அது பாவம்தான். இந்த வாரம் அந்தப் பாவத்தைக் கழுவிவிடுவதாக உத்தேசம்.

அழுகையின் காரணம் நினைவிருக்கும். பெங்களூரில் உள்ள ஓர் அறக்கட்டளை கல் தூசியால் வரும் மூச்சு நோய்க்கு இலவசக் கிளினிக் திறக்கப் போகிறது. ஒன்றே ஒன்றுதான். அது கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக்கு வருமா, கல் குவாரிகள் உள்ள வேறோர் ஊருக்குப் போகுமா என்று முடிவு செய்ய, பழைய சுரங்கத் தொழிலாளிகள் அறுநூற்று நாற்பது பேரிடம் படிவம் நிரப்பி வாங்கியிருந்தார்கள். அந்தப் பதில்களைத் தரம் பிரித்து அட்டவணை போடும் பொறுப்பு யசோதராவுடையது.

நாற்பத்தேழு வயதுக்காரி. டேட்டா என்ட்ரிக்குப் போன இடத்தில், புள்ளிவிவர புரோகிராம் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவள். அவள் குடியிருக்கும் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீடுகளில் ‘கம்ப்யூட்டரம்மா’ என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

தன் வேலை, அப்பாவின் வேலை, அண்ணன் தம்பி வேலை, மாமனார் வேலை என்று படிவத்தில் நாலு கட்டங்கள். மூன்று குடியிருப்பு கேம்ப்புக்கும் தனித்தனி ஷீட். ஆக, ஒரே மாதிரி நிபந்தனைகளைப் பன்னிரண்டு இடத்தில் நகல் எடுத்து ஒட்டியிருந்தாள். பன்னிரண்டாவது இடத்தில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டது. நாற்பது பேர் அட்டவணையிலிருந்து காணாமலே போனார்கள். கன்னடக்கார மேலதிகாரி ஷில்பா அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். “வியாழக்கிழமை நாலு மணிக்கு போர்டு மீட்டிங், யசோதரா அவரே. அதுக்குள்ள சரி பண்ணுங்க.”

இன்றைக்கு வியாழக்கிழமை.

காலை ஐந்தரைக்கே குளித்துவிட்டு, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய பன்னிரண்டு ஒட்டுகளையும் ஒரே மூச்சில் அழித்தாள். அப்புறம் எல்லா நிபந்தனைகளையும் ஒரே இடத்தில், வேண்டிய இடத்திலெல்லாம் கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு ஃபங்ஷனாக எழுதினாள். அதற்கு ‘பிரி’ என்று பெயர் வைத்தாள்.

பிரி செய்வது எளிய வேலை. ஓர் ஆளின் பதிலை அதனிடம் நீட்டினால், முதல் கேள்வி கேட்கும்: பதிலில் ‘சர்ஃபேஸ்’ என்று இருக்கிறதா? இருந்தால் அவர் ‘மேலே’ வேலை செய்தவர். இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: டிராமர், டிம்பர்மேன், டிரில்லர் என்று சுரங்கத்துக்குள் செய்த வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அவர் ‘கீழே’ வேலை செய்தவர். அதுவும் இல்லையென்றால் ‘மற்றவை’. மேலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, முதல் ‘ஆமாம்’ கிடைத்ததும் அந்த ஆளை அங்கேயே உட்கார வைத்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் கேள்விகளை அவரிடம் கேட்கவே கேட்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானம் தேவைப்படும்.

சர்ஃபேஸ் ஏன் முதல் வரி? வேறொன்றுமில்லை, புருஷன் மேல் உள்ள பிரியம்தான். அவள் புருஷன் அசோகன் சர்ஃபேஸில் வேலை பார்த்தவர். நல்ல காரியத்தை வீட்டு ஆளை வைத்து ஆரம்பிப்போமே என்று எழுதினாள்.

பன்னிரண்டு இடத்திலும் பிரியைக் கூப்பிட்டாள். திரையில் சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. நாற்பது பேரும் சமர்த்தாகத் திரும்பி வந்து அவரவர் கட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதினோரு மணிக்கு அட்டவணையை ஷில்பாவுக்கு அனுப்பிவிட்டு, தேர்வு எழுதி முடித்த பெண் மாதிரி கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள்.

“கயல், அனுப்பிட்டேன்டீ!”

உள்ளறையில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் கயல்விழி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறவள், இன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. அவள் கையிலிருந்த போன் விர்ரென்று அதிர்ந்தது.

“யாருடி? காலையில இருந்து நாலாவது வாட்டி.”

“ஆபீஸ் ஃப்ரெண்டும்மா” என்று போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

*

ஒன்றரை மணிக்கு அசோகன் வந்தார். காலையும் மாலையும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கு நடுவில் சாப்பாடும் அரை மணித் தூக்கமும் வாடிக்கை. களியும் கருவாட்டுக் குழம்பும் வாசலுக்கே வந்து அவரை வரவேற்றன.

யசோதராவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. “இன்னாங்க, அட்டவணை அனுப்பிட்டேன். ஆனா ஒரு வேடிக்கை. அண்டர்கிரவுண்ட்ல வேலை செஞ்சவங்கள்ல நூத்துக்கு இருபத்தோரு பேருக்குத்தான் மூச்சு வாங்குதாம். சர்ஃபேஸ்ல இருந்தவங்களுக்கு நூத்துக்கு அறுபத்திரெண்டு!”

களியை உருட்டிக்கொண்டிருந்த அசோகனின் கை அப்படியே நின்றது.

அவள் அதைக் கவனிக்காமல் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பார்த்தியாப்பா? கீழ வேலை செய்றவனுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன், சர்ஃபேஸ்ல இருக்கறவனுக்குத்தான் குடுப்பேன்னு குடியாத்தத்துலருந்து மாப்ள பார்க்கக் கௌம்பி வந்தியே. இப்ப சர்ஃபேஸ்காரருக்குத்தான் ஆபத்தாம்.”

சுரங்க விபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர் அந்த மனுஷன். அவருடைய பிடிவாதத்தில் நியாயம் இருந்தது.

“கணக்கு தப்பு” என்றார் அசோகன்.

யசோதராவின் முகம் சுருங்கியது. “இன்னா தப்பு? ஒரு எரர் கூட வரல.”

“வராம இருக்கலாம். ஆனா தப்பு. சர்ஃபேஸ்னா இன்னான்னு நெனச்ச? நெஞ்சு கெட்டுப்போனவன டாக்டர் பார்த்துட்டு, இனிமே இவன கீழ அனுப்பாதீங்கன்னு எழுதிக் குடுப்பாரு. அவனுக்கு மேல லைட் டூட்டி. அப்படி வந்தவங்கதான் அதுல பாதிப்பேரு.”

“அப்படின்னா அண்டர்கிரவுண்ட்னுதானே ஃபாரத்துல சொல்லணும்?”

“நம்ம ஊர்ல எவனக் கேட்டாலும் கடைசியா செஞ்ச வேலையத்தான் மொதல்ல சொல்லுவான். ‘சர்ஃபேஸ், அதுக்கு முன்ன டிராமர், அதுக்கு முன்ன கல்லு அள்ற மக்கர்’னு பின்னாலருந்துதான் வருவான்.”

கயல்விழி தட்டைக் கீழே வைத்தாள். “அம்மா, பிரி சர்ஃபேஸைப் பார்த்ததும் நின்னுடும். இல்லியா?”

யசோதரா எழுந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அசோகன் சொல்வது நிஜமானால், நெஞ்சு நொந்துபோனவர்களையெல்லாம் பொறுக்கியெடுத்து ‘மேலே’ என்ற கட்டத்தில் அடைத்துவிட்டு, சுரங்கத் தூசியால் ஒன்றும் கெடுதலில்லை என்று அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள் என்று அர்த்தம். அந்த அட்டவணையைப் பார்த்தால் போர்டு கிளினிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஊருக்குக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டு மனோகர் அண்ணன் தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவர மூன்று இடத்தில் நிற்கிறார். அவர் போய் எந்த ஊரில் பார்த்துக்கொள்வார்?

மணி இரண்டு ஐந்து.

“நீங்க சொல்றத வெச்சி மட்டும் மாத்த முடியாது” என்றாள். குரலில் அழுகை இல்லை. போன வாரத்து யசோதரா வேறு, இவள் வேறு. “சோதிச்சிப் பார்க்கணும். கீழ வேலை செஞ்சி மேல வந்த ஒரு ஆளைக் காட்டுங்க. ஃபாரத்துல பேரு இருக்காது, நம்பர்தான். எழுதிக்கினு போனவங்க ஆளுக்கொரு சீட்டு குடுத்திருப்பாங்க. அந்த நம்பர் வேணும்.”

அசோகன் கையைக் கழுவினார். வெளியே போனார். மனோகர் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பங்காருபேட்டைக்குப் போயிருக்கிறார் என்று யாரோ பதில் சொன்னார்கள். எதிர் வரிசையில் ஏசுபாதம் வீட்டில் பூட்டு. அசோகன் திரும்பி வந்து வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். மாமனார் படத்தைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பர்ஸை எடுத்து, டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னாலிருந்து நாலாய் மடித்த ஒரு சின்னச் சீட்டை உருவி மேஜையில் வைத்தார்.

நானூற்றுப் பதினேழு.

“யாரோடது?”

“ஆளு கேட்டே. குடுத்துட்டேன். பாரு.”

யசோதரா எண்ணைத் தட்டினாள். வரி வந்தது. சத்தமாகப் படித்தாள். “வயது ஐம்பத்திரண்டு. கோரமண்டல். செய்த வேலை: சர்ஃபேஸ், எட்டு மாதம். அதற்கு முன் டிராமர், ஏழு வருஷம். பார்த்தீங்களா, பிரி இவரை ‘மேலே’ன்னு போட்டிருக்கு. நீங்க சொன்னது சரிதான். இப்போது செய்யும் வேலை: ஸ்கூல் வேன்...”

படிப்பது நின்றது.

தலையைத் திருப்பினாள். அசோகன் வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் ஒருக்களித்து நின்றிருந்தார்.

முதலில் சிரித்தது கயல்விழிதான். அடக்கப் பார்த்து முடியாமல், புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

“ஏழு வருசமா?” என்றாள் யசோதரா.

“கை உடைஞ்சி பூட்டுச்சி யசோ. லைட் டூட்டி குடுத்தாங்க. அந்த நேரத்துலதான் உங்கப்பா வந்தாரு. இன்னா வேலை செய்றீங்கன்னு கேட்டாரு. சர்ஃபேஸ்னு சொன்னேன். அன்னிக்கி அது உண்மைதானே? அதுக்கு முன்ன இன்னான்னு அவரு கேக்கவே இல்ல.”

“தாத்தாவோட ஃபங்ஷன்ல ரெண்டாவது கண்டிஷனே இல்லம்மா! சர்ஃபேஸ்னு கேட்டதும் நின்னுட்டாரு!” என்று கயல்விழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யசோதராவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த ‘சர்ஃபேஸை’ நம்பித்தானே இன்று காலையில் முதல் வரியை எழுதினாள்? இருபத்தைந்து வருஷத்துச் சமாச்சாரம், கல்யாணப் பந்தலைத் தாண்டி நேராக அவள் புரோகிராமுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஆனால் கோபத்தின் பின்னாலேயே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் முகத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் திரை பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபோது அந்த வரியின் கடைசியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

“போங்க, புள்ளைங்க காத்துக்கினு இருக்கும். சாயங்காலம் வந்து சேருங்க, கச்சேரி கீது.”

வேன் புறப்படும் சத்தம் கேட்டதும் வேலையில் இறங்கினாள். பன்னிரண்டு இடத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பிரியைத் திறந்தாள். இரண்டாவது வரியைத் தூக்கி முதலாவதாக வைத்தாள். இனிமேல் முதல் கேள்வி, எந்தக் காலத்திலாவது கீழே இறங்கினாயா என்பது. அதற்கு இல்லை என்றவர்களிடம்தான் சர்ஃபேஸ் பற்றிய பேச்சு. அவ்வளவுதான் மாற்றம்.

நானூற்றுப் பதினேழைத் தட்டிப் பார்த்தாள். ‘கீழே.’

ஒட்டுமொத்தமாக ஓட்டினாள். இருநூற்று முப்பத்தேழு பேர் ஒரே நொடியில் இடம் மாறினார்கள். கீழே வேலை செய்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தாறு பேருக்கு மூச்சு வாங்குகிறது. மேலேயே இருந்தவர்களில் பத்தொன்பது. நம்பாமல் பதினைந்து வரிகளைக் கண்ணாலேயே படித்துச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குப் புது அட்டவணையை அனுப்பினாள்.

*

நாலு மணி. காட்டன் புடவை, பவுடர், பின்னால் பீரோ தெரியாமல் கயல்விழி தொங்கவிட்ட போர்வை. திரையில் ஆறு முகங்கள். கதவுக்குப் பின்னால் கயல்விழி, அப்பாவுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அறக்கட்டளைத் தலைவர் டாக்டர் ஜோஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “காலையில வந்த அட்டவணை ஒண்ணு சொல்லுது. மூணு மணிக்கு வந்தது நேர் எதிரா சொல்லுது. எதை நம்பறது?”

ஷில்பாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. யசோதரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பிக்க வழி இருந்தது. படிவம் எழுதியவர்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம். அவளுக்கு அது வரவில்லை.

“காலையில அனுப்பினது தப்பு சார். தப்பு என்னோடதுதான். எரர் இல்லாம ஓடிடுச்சேன்னு பதிலைப் படிச்சிப் பார்க்காம அனுப்பிட்டேன்.” பிறகு சர்ஃபேஸ் என்றால் என்ன, தங்கவயலில் வேலையை ஏன் பின்னாலிருந்து சொல்வார்கள், வரிசை மாறியதும் யார் யார் இடம் மாறினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த இருநூற்று முப்பத்தேழு பேரின் பதில்களையும் திரையில் காட்டினாள்.

“லைட் டூட்டி விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?”

“ஏழு வருஷம் டிராமரா இருந்த ஒருத்தர் சார். என் வீட்டுக்காரர்.” ஒரு நொடி நிறுத்தினாள். “எனக்கே இன்னிக்கி மத்தியானம்தான் தெரியும்.”

டாக்டர் ஜோஸ் சத்தமாகச் சிரித்தார்.

ஷில்பா கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடித்தாள். “பன்னிரண்டு இடத்தையும் மத்தியானத்துக்குள்ள எப்படி மாத்தினீங்க? மறுபடியும் ஓர் இடம் விட்டுப்போயிருந்தா?”

“பன்னிரண்டு இடம் இல்ல மேடம். ஒரு இடம். ரெண்டு வரியை மாத்தி வெச்சேன், மத்த இடமெல்லாம் தானா மாறிடுச்சி. நாளைக்கு வேற ஊர்ல ஆளுங்களைக் கேட்டு எழுதினாலும் இதே பிரியைக் கூப்பிட்டா போதும்.”

ஷில்பாவின் முகத்தில் கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை. “சூப்பர், யசோதரா அவரே.”

திரையில் ஆறு பேரும் தங்களுக்குள் பேசினார்கள். ஐந்து நிமிஷம்தான். யசோதரா முறுக்கிய முறுக்கில் புடவைத் தலைப்பு கயிறாகிவிட்டது. அப்புறம் டாக்டர் ஜோஸ் சொன்னார்: “கிளினிக் ஆண்டர்சன்பேட்டைக்கு. அடுத்த மாசம் திறக்கறோம்.”

கதவுக்குப் பின்னால் கயல்விழி கத்திய கத்தலில் போர்வை கழன்று விழுந்து, போர்டு முழுவதும் பீரோவைப் பார்த்தது. அவள் கையிலிருந்த போனுக்குள் பெரிய இரைச்சல். அசோகன் வேனை ஓரங்கட்டிவிட்டு, காரணம் சொல்லாமல் “கை தட்டுங்கடா!” என்றிருக்கிறார். இருபது பிள்ளைகள் விசிலடித்து, தாளம் போட்டு, பையைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

*

ஆறு மணிக்கு அசோகன் ஆண்டர்சன்பேட்டை பேக்கரியிலிருந்து, தேங்காய்ப் பூரணம் வைத்த முழு தில்பசந்த் ஒன்றோடு வந்தார். அரை வட்டமில்லை, முழு வட்டம். குற்றத்தின் அளவு அவருக்கே தெரிந்திருந்தது.

“லைன்ல யார் யாருக்குத் தெரியும்?” யசோதரா விசாரணையை ஆரம்பித்தாள்.

“எல்லாருக்கும்.”

“மனோகர் அண்ணனுக்கு?”

“அவரும் நானும் ஒரே கேஜ்லதான் சுரங்கத்துக்குள்ள எறங்குவோம்.”

“எதிர்வீட்டு ரெபேக்காவுக்கு?”

“அவங்கதானே என் ஃபாரம் எழுதினாங்க.”

“ஆக, நான் ஒருத்திதான் பாக்கி.” தில்பசந்தில் பெரிய துண்டாக வெட்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். “சரி, ஒண்ணு கேக்கறேன். இருபத்தஞ்சு வருசம் மறைச்சவரு, ரெபேக்கா வந்து கேட்டப்பவும் சர்ஃபேஸ்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு டிராமர்னும் சொன்னீங்க?”

அசோகன் தலையைச் சொறிந்தார்.

“அந்த ஃபாரம் சுத்திச் சுத்தி உன் கையிக்குத்தான் வரும்னு தெரியும். உங்கப்பாகிட்ட பாதி சொல்லி நிறுத்திட்டேன், பொண்ணு வேணும்ல. உன் கணக்கைக் கெடுக்க மனசு வரல யசோ.”

யசோதரா அழவில்லை என்று சொன்னால் பொய். அழுதாள். சிரித்துக்கொண்டேதான். எழுந்து போய் அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

“அடுத்த மாசம் கிளினிக் திறந்ததும் முதல் சீட்டு உங்களுக்கு.”

“எனக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தானே கீறேன்.”

“நானூத்திப் பதினேழாவது ஆளு, ‘படி ஏறும்போது மூச்சு வாங்குதா’ன்ற கேள்விக்கு ‘சில நேரம்’னு சொல்லியிருக்காரு. அதையும் நான் படிச்சேன்.” அவள் குரல் தழைந்தது. “அந்த ஆளைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியணும். இனிமே முழுசா.”

அசோகன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, “வர்றேன்” என்றார்.

கயல்விழியின் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் அதைக் கவிழ்க்கவில்லை. மேஜையின் நடுவில், தில்பசந்துக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரியும்படி வைத்தாள். சரத் என்று திரையில் பெயர் ஒளிர்ந்தது.

“ஞாயித்துக்கிழமை ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வர்றாரு. பூதிகோட்டைக்காரரு. ஆபீஸ் ஃப்ரெண்டுன்னுதான் சொல்லலாம்னு நெனச்சிருந்தேன்.” அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “அது பொய் இல்ல. ஆனா நீங்க அதோட நிறுத்தக்கூடாது. அடுத்த கேள்வியையும் கேளுங்க.”